காலர் போன் உடைந்தால் மீண்டும் சைக்கிள் ஓட்டுவது எப்போது? வலி போன பிறகும் அவசரப்படக் கூடாதது ஏன்?

2024 ஏப்ரல் 4. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த இட்சுலியா சைக்கிள் பந்தயத்தின் 4வது நாள். இறக்கத்தில் வந்த ஒரு வளைவில் முன்னணி வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்து விழுந்தனர். டூர் டி பிரான்ஸ் பட்டத்தை 2 முறை வென்ற டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கேகோருக்கு காலர் போன் உடைந்தது. விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. பெல்ஜியம் வீரர் ரெம்கோ எவனபூலுக்கு காலர் போனோடு தோள்பட்டை எலும்பும் முறிந்தது.

அடுத்த 86வது நாள், ஜூன் 29ஆம் தேதி, இருவருமே டூர் டி பிரான்ஸ் தொடக்கக் கோட்டில் நின்றார்கள். 3 வாரப் பந்தயம் முடிந்தபோது விங்கேகோர் 2ஆம் இடம், எவனபூல் 3ஆம் இடம். அதோடு நிற்காமல் எவனபூல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 தங்கப் பதக்கங்களையும் வென்றார்.

கேட்கவே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் காலையில் வேலைக்கு சைக்கிளில் போகிறவர், ஞாயிறு தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், பள்ளிக்கு சைக்கிளில் போகும் பிள்ளை ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? “இப்போ வலியே இல்லை சார், ஓட்டலாமா?” என்பதுதான் காலர் போன் உடைந்தவர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி. வலி இல்லாமல் போவதும், எலும்பு உறுதியாகச் சேர்வதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் ரொம்ப முக்கியம். அது ஏன்? இங்கே பார்ப்போம்.

காலர் போன் எங்கே இருக்கிறது? வேலை என்ன?

கழுத்துக்குக் கீழே, தொண்டைக் குழியிலிருந்து இரண்டு பக்கமும் தோள் வரை தோலுக்கு அடியிலேயே தடவினால் கையில் தட்டுப்படும் எலும்புதான் காலர் போன். பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பெயர் காறை எலும்பு. கிட்டத்தட்ட 15 செ.மீ. நீளம். நேராக இருக்காது, படுக்க வைத்த ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்திருக்கும்.

நம் கையை உடம்போடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம் இதுதான். மற்றதெல்லாம் தசையும் தசைநாரும்தான். கை மார்பின் மேல் சரிந்து விழாமல் தள்ளி நிறுத்துவது இதன் வேலை. அதோடு, கழுத்திலிருந்து கைக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இதற்கு அடியில்தான் ஓடுகின்றன.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். தாயின் வயிற்றில் கரு வளரும்போது முதலில் எலும்பாக மாறத் தொடங்குவது இதுதான். ஆனால் வளர்ச்சியை முடிப்பதில் இதுவே கடைசி. மார்புப் பக்க முனை முழுதாக ஒட்டி முடிய 20 வயதைத் தாண்டி, 25 வரைகூட ஆகும்.

சைக்கிளில் விழுந்தால் ஏன் இதுவே உடைகிறது?

சைக்கிளில் இருந்து விழும்போது பெரும்பாலும் பக்கவாட்டில் விழுகிறோம், அல்லது ஹேண்டில் பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படுகிறோம். தோள்பட்டையின் முனை நேராகத் தரையில் மோதுகிறது. அந்த அடி முழுவதும் காலர் போன் வழியாகத்தான் உடம்புக்குள் இறங்க வேண்டும். அது தாங்காமல் முறிகிறது. கையை நீட்டி ஊன்றி விழுவதாலும் உடையலாம். ஆனால் தோளில் நேராக விழும் அடிதான் அதிகம் உடைக்கிறது.

100 பேருக்கு காலர் போன் உடைந்தால் சுமார் 80 பேருக்கு நடுப்பகுதியில்தான் உடையும். எலும்பு மெலிந்து, வளைவு திரும்பும் இடம் அதுதான். அந்த இடத்துக்கு மேல் தசைநார்களின் கூடுதல் பாதுகாப்பும் இல்லை.

உடைந்திருப்பது எப்படித் தெரியும்?

விழுந்த உடனே தோள் பக்கம் கடுமையான வலி, கையைத் தூக்க முடியாமை, தோள் கொஞ்சம் கீழே இறங்கி முன்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிவது, எலும்பு மேல் வீக்கம் அல்லது மேடு ஆகியவை அடையாளங்கள். அடிபட்டவர் தானாகவே நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். எக்ஸ்ரே எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

முதலுதவி எளிது. முழங்கையை மடக்கி, துண்டு, துப்பட்டா எதுவானாலும் சரி, தொட்டில் மாதிரி கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். எலும்பை அழுத்திப் பார்க்கவோ, இழுத்துச் சரிசெய்யவோ கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• மூச்சு விடச் சிரமம் அல்லது மூச்சை இழுத்தால் குத்தும் வலி. விலா எலும்பும் நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம்
• கை மரத்துப் போவது, விரல்களை அசைக்க முடியாமை
• கை சில்லிட்டு வெளிறிப் போவது
• உடைந்த முனை தோலை உள்ளிருந்து கூடாரம் மாதிரி தூக்கி, அந்த இடம் வெளுத்திருப்பது
• எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருப்பது
• தலையிலும் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம் இருப்பது

தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். 2021ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். “சைக்கிளில் விழுந்ததுதானே” என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

மாவுக்கட்டு போடுவார்களா?

மாட்டார்கள். கை, கால் மாதிரி இந்த எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போட முடியாது. மூச்சு விடும்போதும் கை அசையும்போதும் இது அசைந்துகொண்டே இருக்கும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஆர்ம் ஸ்லிங் மட்டும்தான் சிகிச்சை. கையின் எடை எலும்பை இழுக்காமல் ஸ்லிங் தாங்கிக்கொள்ளும், எலும்பு தானாகச் சேரும். முதுகுப் பக்கம் 8 வடிவத்தில் போடும் பட்டையும் உண்டு. ஆனால் அது சாதாரண ஸ்லிங்கைவிட நல்ல பலன் தருவதாகத் தெரியவில்லை. அக்குளில் அழுத்தி அசௌகரியம் தருவதுதான் மிச்சம்.

நம் ஊரில் எலும்பு முறிந்தால் நாட்டுக் கட்டுக்குப் போகும் பழக்கம் இன்றும் இருக்கிறது. காலர் போன் விஷயத்தில் 2 எச்சரிக்கைகள் அவசியம். ஒன்று, எண்ணெய் போட்டு உருவினால் உடைந்த முனைகள் நகரும். அடியிலேயே ரத்தக் குழாயும் நரம்பும் இருப்பதால் இது ஆபத்து. இரண்டு, எக்ஸ்ரே இல்லாமல் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆபரேஷன் யாருக்குத் தேவை?

எலும்பு தோலைக் கிழித்து வந்திருந்தால், தோல் கிழியும் நிலையில் இருந்தால், ரத்தக் குழாய் அல்லது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஆபரேஷன் தேவைப்படும். எலும்பு பல துண்டுகளாகி முழுதாக விலகியிருந்தாலோ, முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எலும்பு சுமார் 2 செ.மீ.க்கு மேல் குட்டையாகி இருந்தாலோ டாக்டர்கள் ஆபரேஷனைப் பரிந்துரைப்பது வழக்கம். எலும்பை நேராக்கி, மேலே ஒரு உலோக பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள்.

முழுதாக விலகிய நடுப்பகுதி முறிவு உள்ள 132 பேரை வைத்து கனடாவில் நடந்த ஆய்வு 2007ல் வெளியானது. அதில் பிளேட் வைத்தவர்களுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்ததாகத் தெரிய சராசரியாக 16.4 வாரங்கள் ஆனது. ஸ்லிங் மட்டும் போட்டவர்களுக்கு 28.4 வாரங்கள். எலும்பு சேராமலே போனவர்களும் ஸ்லிங் பிரிவில்தான் அதிகம். அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன்தான் நல்லது என்று அர்த்தமில்லை. விலகாத முறிவுகள் ஸ்லிங்கிலேயே நன்றாகச் சேரும். ஆபரேஷனில் கிருமித்தொற்று, தழும்புக்குக் கீழே மரத்துப் போவது, பிளேட் உறுத்துவது போன்ற பிரச்சனைகளும் உண்டு.

இந்த எண்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய முறிவு என்றால் பிளேட் வைத்த பிறகும் எலும்பு சேர சராசரியாக ஏறக்குறைய 4 மாதம் ஆகியிருக்கிறது. ஆனால் வலி அதற்கு ரொம்ப முன்னாடியே போய்விடும்.

வலி முதலில் போவது எப்படி?

எலும்பு உடைந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறையும், வீங்கும். முதல் சில நாட்கள் வலி அதிகமாக இருப்பது இதனால்தான். 2, 3 வாரங்களில் முனைகளுக்கு நடுவே மென்மையான திசு வளர்ந்து ஒரு தற்காலிகப் பாலம் போடும். முனைகள் உரசுவது குறைந்ததுமே வலியும் குறைந்துவிடும். ஆனால் அந்தப் பாலம் இன்னும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். அது சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகப் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பழைய வடிவத்துக்கு அது செதுக்கப்படுவது மாதக் கணக்கில் தொடரும் வேலை.

பிளேட் வைத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பிளேட் முனைகளை அசைய விடாது என்பதால் 2 வாரத்திலேயே “சரியாப் போச்சு” என்ற உணர்வு வந்துவிடும். உண்மையில் அப்போது பாரத்தைத் தாங்குவது எலும்பு இல்லை, பிளேட்தான். சிமென்ட் ஊற்றிய கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருப்பது மாதிரி. கூரை நிற்கிறது என்பதற்காக அதன் மேல் ஏறிக் குதிக்க மாட்டோம் இல்லையா?

வாரா வாரம் என்ன செய்யலாம்?

இது பொதுவான கால அளவு மட்டுமே. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொல்வதே உங்களுக்கான அட்டவணை.

*முதல் 2 வாரம்:* ஸ்லிங்கும் ஓய்வும். ஆனால் விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே தினமும் பல முறை அசைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வலிக்கும். 2, 3 தலையணை வைத்துச் சாய்ந்த நிலையில் தூங்கினால் நிம்மதியாக இருக்கும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைதான் வசதி. போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.

*2 முதல் 6 வாரம்:* டாக்டர் சொன்னதும், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி மெல்ல ஆட்டும் பயிற்சி தொடங்கும். ஸ்லிங்கை மெல்லக் கழற்றத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது. அதே நேரம் பயந்துபோய் மாதக் கணக்கில் ஸ்லிங்கிலேயே கையை வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பிறகு தலை வாருவதற்கே பிசியோதெரபி தேவைப்படும்.

*6 முதல் 12 வாரம்:* எக்ஸ்ரேயில் எலும்பு சேர்வது தெரிந்தால், தோளை எல்லாப் பக்கமும் அசைப்பது, பிறகு ரப்பர் பேண்ட், லேசான டம்பெல் என வலுவூட்டும் பயிற்சிகள் வரும்.

*12 வாரத்துக்குப் பிறகு:* எலும்பு சேர்ந்தது உறுதியானால் பழைய வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கரடுமுரடான பாதையில் ஓட்டுவது, கூட்டமாக வேகமாக ஓட்டுவது, பந்தயம் ஆகியவற்றுக்கு இதுதான் கடைசி இடம்.

புகை பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: எலும்பு சேராமல் போகும் வாய்ப்பை சிகரெட் கூட்டுகிறது. அந்த 3 மாதமாவது நிறுத்துவது சிகிச்சையின் ஒரு பகுதியே. சாப்பாட்டில் பால், முட்டை, பருப்பு, கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் ஆகியவை புரதமும் கால்சியமும் தரும்.

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கலாமா?

நல்ல செய்தி இதுதான். கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலி அடங்கியதும், டாக்டர் அனுமதித்தால், ஜிம்மில் இருப்பது போன்ற நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை ஸ்லிங்கோடே மிதிக்கலாம். முதல் சில வாரங்களிலேயே இது சாத்தியம். நிமிர்ந்து உட்கார வேண்டும், ஹேண்டில் பாரில் பாரம் போடக் கூடாது. ஆபரேஷன் காயம் ஆறும்வரை வியர்வை காயத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழில்முறை வீரர்கள் ஓரிரு வாரத்தில் ‘பயிற்சிக்குத் திரும்பினார்’ என்று செய்தி வருகிறதே, அதில் பெரும்பகுதி இந்த மாதிரியான வீட்டுக்குள் ஓட்டம்தான். அங்கே கீழே விழும் ஆபத்து இல்லை. ரோட்டுக்கும் அறைக்கும் உள்ள முக்கிய வித்தியாசமே அதுதான்.

அப்போ வீரர்கள் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்?

எவனபூல் விபத்து நடந்த 59வது நாளிலேயே, ஜூன் 2ல் தொடங்கிய கிரிட்டேரியம் டு டோஃபினே பந்தயத்தில் ஓட்டினார். பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸ் 2011 ஜூலை 8ல் டூர் டி பிரான்ஸில் விழுந்து காலர் போனை உடைத்துக்கொண்டார். 6 வாரம் கழித்து ஸ்பெயினின் வுயெல்டா பந்தயத்தைத் தொடங்கி, 3ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு டூர் டி பிரான்ஸை வென்ற முதல் பிரிட்டிஷ்காரரும் ஆனார்.

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. உடனடி ஆபரேஷன், தினமும் பக்கத்திலேயே பிசியோதெரபிஸ்ட், அடிக்கடி எக்ஸ்ரே, வேறு வேலை எதுவும் இல்லாத நாட்கள், இளம் வயது, ஏற்கெனவே வலுவான தசைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இன்னொன்று, அது அவர்களுடைய பிழைப்பு. எலும்பு முழுதாகச் சேரும் முன்பே பிளேட்டை நம்பி ரோட்டில் இறங்கும் ஆபத்தைத் தெரிந்தே எடுக்கிறார்கள். மறுபடி விழுந்தால் பிளேட் வளையலாம், ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளலாம், பிளேட்டின் ஓரத்தில் எலும்பு புதிதாக முறியலாம். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடச் சிக்கலானது.

பழைய காலத்தில் இன்னும் மோசம். 1956 ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில் ஃபியோரென்சோ மாக்னி இடது காலர் போன் உடைந்த பிறகும் விலகவில்லை. அந்தக் கையால் ஹேண்டில் பாரை இழுக்க முடியாததால், அதில் ஒரு ரப்பர் டியூபைக் கட்டி, அதன் மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்தபடி ஏற்றத்தில் ஓட்டினார். பந்தயத்தின் நடுவிலேயே மறுபடி விழுந்து மேல் கை எலும்பையும் முறித்துக்கொண்டார். அப்படியும் 2ஆம் இடத்தில் முடித்தார். அந்தப் படம் சைக்கிள் உலகத்தில் இன்றும் புகழ்பெற்றது. வியக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

பொறுமையாகத் திரும்பியவர்களின் கதையும் இருக்கிறது. பிரிட்டனின் கெரைன்ட் தாமஸ் 2017 டூர் டி பிரான்ஸில் காலர் போன் உடைந்து விலகினார், 2018ல் அதே பந்தயத்தை வென்றார். மார்க் கேவண்டிஷ் 2023 ஜூலையில் காலர் போன் உடைந்து விலகியபோது 38 வயது. அந்த ஆண்டோடு ஓய்வு என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார். முடிவை மாற்றிக்கொண்டு ஓராண்டு கழித்து வந்து, 2024 ஜூலை 3ல் தன் 35வது டூர் டி பிரான்ஸ் கட்ட வெற்றியைப் பெற்று எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்தார்.

ரோட்டில் இறங்கும் முன் 6 சோதனைகள்

நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இந்த 6 கேள்விகளுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வருகிறதா என்று பாருங்கள்:

1. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னாரா?
2. இரண்டு கையையும் தலைக்கு மேலே ஒரே அளவுக்கு வலியில்லாமல் தூக்க முடிகிறதா?
3. சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தண்டால் எடுப்பது மாதிரி 10 முறை செய்ய முடிகிறதா?
4. இரண்டு பிரேக்கையும் திடீரென்று முழு பலத்தோடு பிடிக்க முடிகிறதா?
5. ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி, மற்ற கையால் சிக்னல் காட்டவும், தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கவும் முடிகிறதா? இரண்டு பக்கமும்?
6. பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து கையால் அதிர்ச்சியைத் தாங்க முடிகிறதா?

4வது கேள்வி பலரும் மறப்பது. ஒரு கை பலவீனமாக இருக்கும்போது அவசரத்தில் மற்ற கைதான் இறுக்கிப் பிடிக்கும். அது முன் பிரேக்காக இருந்தால் ஹேண்டில் பாருக்கு மேலாக மறுபடி விழ வேண்டியதுதான். பைக், ஸ்கூட்டி ஓட்டுபவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். ஸ்லிங் மாட்டிக்கொண்டு ஒரு கையால் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது.

முதல் சவாரி எப்படி இருக்கணும்?

விபத்துக்குப் பிறகு ஆளை மட்டும் பார்த்தால் போதாது. விழும்போது தரையில் மோதிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி ஒரு முறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. ஃப்ரேம், முன் ஃபோர்க், ஹேண்டில் பார், பிரேக் லீவரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளில் உடம்பின் எடையில் நல்ல பங்கு கையில் இறங்கும். அதனால் முதலில் நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிள் நல்லது. காலை நேரம், சமமான ரோடு, டிராஃபிக் இல்லாத இடம், 20 முதல் 30 நிமிடம் போதும். மழை ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். மறுநாள் தோளில் வலியோ வீக்கமோ இல்லையென்றால் கொஞ்சம் நேரத்தைக் கூட்டலாம். தோளில் பை மாட்ட வேண்டாம். பையின் பட்டை நேராக அந்த எலும்பு மேல்தான் உட்காரும்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். 2024ல் 2 ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே எவனபூல், அந்த டிசம்பரில் பெல்ஜியத்தில் பயிற்சி ஓட்டத்தில் இருந்தபோது தபால் வேனின் கதவு திடீரென்று திறந்ததால் மோதி விழுந்தார். விலா, தோள்பட்டை, கை எலும்புகள் முறிந்ததோடு, காலர் போன் இடம் விலகித் தசைநார்களும் கிழிந்தன. அந்த முறை பந்தயத்துக்குத் திரும்ப 4 மாதத்துக்கு மேல் ஆனது. உலக சாம்பியனின் திறமையும் திறந்த கதவுக்கு முன்னால் உதவவில்லை. கார் கதவின் அகலத்துக்குத் தள்ளி ஓட்டுவதே பாதுகாப்பு.

பயம் போகலைன்னா?

எலும்பு சேர்ந்த பிறகும் இறக்கத்திலோ, விழுந்த அதே இடத்திலோ உடம்பு விறைத்துக்கொள்வது இயல்பு. இது கோழைத்தனம் இல்லை. ஆனால் விறைத்த கையோடு ஓட்டினால் சைக்கிள் தடுமாறும். அதனால் அந்த இடத்தை முதல் வாரத்திலேயே வென்றுகாட்ட வேண்டியதில்லை. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு மெல்ல ஓட்டுங்கள். மாதங்கள் கழித்தும் தூக்கம் கெடுவது, விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருவது என்றிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

பிளேட்டை எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. உறுத்தல் இல்லையென்றால் வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். பை பட்டை, சீட் பெல்ட் படும்போது வலித்தால் எடுக்கலாம். ஆனால் எலும்பு முழுதாகச் சேர்ந்த பிறகே எடுப்பார்கள், பொதுவாக ஓராண்டாவது ஆக வேண்டும். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த துளைகள் மூடும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும். அதனால் சைக்கிளுக்கு மறுபடி சில வாரங்கள் லீவு விட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கணக்கு ஒன்றா?

இல்லை. பிள்ளைகளுக்கு எலும்பு வேகமாகச் சேரும். சின்னக் குழந்தைகளுக்கு 3, 4 வாரமே போதுமானதாக இருக்கும். சேர்ந்த இடத்தில் ஒரு மேடு தெரியும், பெற்றோர் பயப்பட வேண்டாம். மாதங்கள் போகப் போக அது பெரும்பாலும் சமமாகிவிடும். தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவர்கள் ஏராளம். ஆனால் அந்த வயதில் எலும்பு சேரும் வேகம் பெரியவர்களின் கணக்கை நெருங்கிவிடும். “பக்கத்துவீட்டுச் சின்னப் பையனுக்கு 1 மாதத்தில் சரியாச்சே” என்று ஒப்பிட வேண்டாம்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு நின்ற இடத்தில் லேசாக விழுந்தே இந்த எலும்பு உடைந்திருந்தால், அது எலும்பு மெலிவு நோயின் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போது மறுபடி டாக்டரைப் பார்க்கணும்?

ஆபரேஷன் காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். 3 மாதம் தாண்டியும் அந்த இடத்தில் வலி இருந்தாலோ, முனைகள் அசைவது போலவோ ‘கடக்’ என்று சத்தம் வருவது போலவோ இருந்தாலோ எலும்பு சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். போய்க்கொண்டிருந்த வலி திடீரென்று கூடினாலும் எக்ஸ்ரே தேவை.

அடுத்த முறை போகும்போது “எப்போ ஓட்டலாம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எலும்பு சேர்ந்திருக்கா, எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லுங்க. இப்போ கீழே விழுந்தா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். சைக்கிள் மிதிப்பதால் இந்த எலும்பு மறுபடி உடைவதில்லை, விழுந்தால்தான் உடைகிறது. அதனால் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் சைக்கிளை வெளியே எடுக்கும் நாளை முடிவு செய்ய வேண்டும்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)